டீன் அறை ஏ.சி.

“இன்னிக்கும் ஓடுது பாருங்க சார், மகாராணி ரூம் ஏ.சி.!”

தாவரவியல் துறையின் உதவிப் பேராசிரியைக்குச் சக ஆசிரியர்கள் வைத்திருந்த பெயர் லவுட்ஸ்பீக்கர். காலையில் அவள் காதில் விழுந்தது மதியச் சாப்பாட்டுக்குள் மூன்று மாடிக்கும் போய்விடும்.

கெமிஸ்ட்ரி சார் பிடரியைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். எதிர்க் கட்டடத்தில் டீன் அறை. ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. உள்ளே விளக்கு வேறு எரிந்தது.

“லீவு நாள்ல கூட ஓடுதாமே?”

“ஞாயித்துக்கிழமையும் ஓடுது சார். பூட்டின ரூமுக்கு எதுக்கு ஏ.சி.? நாற்காலிக்கு வேர்க்குதா?”

மத்தியில் ஆட்சி மாறியதிலிருந்து பல்கலைக்கழகமே ஆடிப்போயிருந்தது. புதுக் கொள்கையில் இடம்பெறாத ஆராய்ச்சிக்கு இனி நிதி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மேலே அப்படிச் சொன்னதும், கீழே நிர்வாகம் கண்ணில் பட்டதையெல்லாம் நிறுத்தியது. நிதி நின்ற ஆய்வுக்கூடங்களுக்குப் பூட்டு. யாரும் ஏ.சி. போடக்கூடாது.

முதல் பூட்டு அவளுடைய ஆய்வுக்கூடத்துக்குத்தான் விழுந்தது.

நோய் தாக்காத உருளைக்கிழங்கு ரகம் ஒன்றை வளர்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிப் பாட்டில்களுக்குள் விரல் உயர நாற்றுகள். குளிரும் வெளிச்சமும் தவறினால் வாடிவிடும். மகளைவிட அந்தப் பாட்டில்களைத்தான் அதிகம் கவனித்தாள். நல்ல நாற்றுக்கு அடையாளமாக, மகளின் நெயில் பாலிஷை எடுத்து வந்து மூடியில் சிவப்புப் பொட்டு வைப்பாள்.

“ஒரு மாசம் டைம் கொடுங்க மேடம்” என்று டீனிடம் கெஞ்சினாள். டீன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“உத்தரவுன்னா உத்தரவு. சாவியை வெச்சுட்டுப் போம்மா.”

“நாத்தெல்லாம் மேடம்?”

“க்ளியர் பண்ணிடுவாங்க.”

அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்த அழுகை இன்னும் அடங்கவில்லை. இந்த ஏ.சி. சத்தம் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“விடுங்க மேடம். டீனைப் பகைச்சுக்கிட்டு நாம இங்க குப்பை கொட்ட முடியுமா?” என்றார் கெமிஸ்ட்ரி சார்.

அவள் விடவில்லை. மாடிப்படி ஓரமாகப் போய் ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

“என் பேரெல்லாம் எதுக்கு சார்? எங்க லேபுக்கு ஒரு நியாயம், டீன் ரூமுக்கு ஒரு நியாயமா? ஆளை அனுப்பிப் பாருங்க.”

இதை மட்டும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கெமிஸ்ட்ரி சாரிடம்கூட.

மதியமே எலக்ட்ரீஷியன் வந்துவிட்டார். விடைத்தாள் கட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏதோ கையெழுத்து வாங்கப் போகிறவள்போல அவளும் பின்னாலேயே போனாள்.

“ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்லேர்ந்து சொன்னாங்க மேடம். போன்ல கம்ப்ளெயின்ட் வந்திருக்காம். ஏ.சி. லைனைக் கட் பண்ணணும்.”

டீன் முகம் வெளுத்தது. “நாளைக்கு வாங்களேன்பா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்.”

கெஞ்சுவது இப்போது டீன் முறை. அவளுக்கு உச்சி குளிர்ந்தது. சும்மா இருந்திருக்கலாம், வாய் சும்மா இருந்தால்தானே?

“உத்தரவுன்னா உத்தரவு. இல்லையா மேடம்?”

டீன் அவளையே பார்த்தார்.

அறையைப் பாதியாக மறித்து உள்ளே இன்னொரு திரை தொங்கியது. ஸ்விட்ச் பெட்டி அதற்குப் பின்னால் இருந்தது. எலக்ட்ரீஷியன் திரையைச் சர்ரென்று இழுத்தார்.

சுவர் முழுக்க இரும்பு அலமாரித் தட்டுகள். தட்டுக்குத் தட்டு டியூப்லைட். அடியில் வரிசையாகக் கண்ணாடிப் பாட்டில்கள். உள்ளே பச்சைப் பசேலென்று நாற்றுகள்.

ஒவ்வொரு மூடியிலும் சிவப்புப் பொட்டு.

அவள் கையிலிருந்த விடைத்தாள் கட்டு நழுவி விழுந்தது.

“மேடம்... இது...”

“உன்னோடதுதான். உன்கிட்ட சொல்லணும்னு எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சும்மா. சொன்னா மூணு மாடிக்கும் தெரிஞ்சிடும். மேல தெரிஞ்சா இதுவும் போகும், என் நாற்காலியும் போகும். அதான் ஏ.சி. பைத்தியம்னு பேர் வாங்கிட்டுச் சும்மா இருந்தேன்.”

டீன் ஒரு பாட்டிலை எடுத்துத் துடைத்தார்.

“இந்த அரசாங்கம் வேண்டாம்னு சொல்லுது. அடுத்து வர்றவங்க வேணும்பாங்க. அதுவரைக்கும் செடி உயிரோட இருக்கணும்ல?”

எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூ டிரைவரோடு தயங்கி நின்றார். “நான் இப்ப என்ன பண்ணட்டும் மேடம்?”

“உங்க வேலையைப் பாருங்கப்பா. எங்க வீட்டு பெட்ரூம்ல ஏ.சி. இருக்கு. சூடு ஏறுறதுக்குள்ள அங்க கொண்டு போயிடறோம்.” அவள் பக்கம் திரும்பினார். “வா, இந்தத் தட்டை ஒரு பக்கம் பிடி.”

பிடித்தாள். தூக்கியதும் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

“போன் பண்ணவங்க மேல தப்பில்லம்மா. யாரோ, பாவம், புழுக்கத்துல வெந்து நொந்து பண்ணியிருக்காங்க” என்றார் டீன்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு, தட்டை இறுக்கிப் பிடித்தாள்.

படியிறங்கும்போது டீன் சற்று நின்றார்.

“வீட்ல வெச்சிருக்கிறது வெளிய தெரியக்கூடாது. ஒரு ரகசியத்தைக் காப்பாத்த உன்னால முடியுமா?”

“முடியும் மேடம்” என்றாள் லவுட்ஸ்பீக்கர், தலையைக் குனிந்தபடி.

முடியும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. காலையிலிருந்து ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டுதானே இருக்கிறாள்.