குங்குமம் கேட்ட சிப்பாய்

"யம்மா, ஏசுதாஸ் மாமா வேதக்காரருதான? அவருக்கு இன்னாத்துக்குக் குங்குமம்?"

பவளத்துக்கு ஆறு வயது. அவள் கேட்டதில் தப்பில்லை.

ஏரிக்கரைப் பாதையை மறித்துக்கொண்டு, மண்வெட்டியைத் துப்பாக்கி போல நீட்டிப் பிடித்து, "ஹுக்கும்தார், ஹுக்கும்தார்" என்று ஏசுதாஸ் அதட்டிக்கொண்டிருந்தார். பெருநகர் என்ற அந்தக் கிராமத்துக்காரர்கள் காதில் அது "குங்குமம் தா" என்றுதான் விழுந்தது.

அது பட்டாளத்துச் சொல். காவல் நிற்கும் சிப்பாய், எதிரே வருகிறவனை "ஹூ கம்ஸ் தேர்", யார் வருவது என்று இங்கிலீஷில் கேட்பது. ஆயிரம் வாயில் புரண்டு அப்படித் தேய்ந்துவிட்டது.

ஐம்பத்திரண்டாம் வருஷத்து ஆடித் திருவிழா. கரையோரத்து அம்மனுக்கு முதல் அதிர்வேட்டு போட்டார்கள். கீழே வரப்பு வெட்டிக்கொண்டிருந்த ஏசுதாஸின் உடம்பு கரைமேல் ஏறி நின்றது. ஆள் மட்டும் பர்மாவுக்குப் போய்விட்டார்.

சண்டையிலிருந்து திரும்பி ஆறு வருஷமாகியும், வெடிச் சத்தம் கேட்டால் இப்படித்தான். கொஞ்ச நேரத்தில் தானே வந்துவிடுவார். எங்கே போனோம், என்ன செய்தோம் என்று ஒன்றும் நினைவிருக்காது.

போன ஆடியில், திருவிழாவை நடத்துகிற வீராசாமி நாயக்கரையே பிடித்துவிட்டார். இரண்டு கையையும் தூக்கச் சொல்லி அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தினார். நடுவில் நாயக்கரின் வேட்டி நழுவிற்று. பிடிக்கக் கை இல்லை.

ஊர் ஒரு வருஷம் சிரித்தது.

இன்றைக்கு நாயக்கர், மாவிளக்குத் தட்டோடு நின்ற பெண்களுக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டு சொன்னார்: "இந்தத் தபா உடமாட்டேன். பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டு, நாளைக்கே வண்டி ஏத்திடறேன்."

"ஐயா, கொஞ்சம் பொறுங்க ஐயா. வந்துடுவாரு" என்றாள் ஏசுதாஸின் மனைவி ஜெயம்மாள். நாயக்கர் எழுதிப் போட்டால் அது நடந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

மாடு மேய்க்கிற எல்லப்பன் குறுக்கே விழுந்தான். "மனுசன் கேக்கறது ஒரு சிட்டிகை. குட்த்துட்டுப் போவீங்களா, சும்மா பேசிக்கினு கீறீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பவளம் சிரிக்கவில்லை. அம்மாவின் தட்டிலிருந்து குங்குமத்தைக் கிள்ளிக்கொண்டு நடந்தாள். அம்மா எட்டிப் பிடிப்பதற்குள் மண்வெட்டிக்கு நேர் எதிரே போய் நின்றுவிட்டாள்.

"ஹுக்கும்தார்."

"இந்தாங்க மாமா. எட்டல. குனிங்க."



உலகத்தில் எந்தக் காவல்காரச் சிப்பாய்க்கும் அப்படி ஒரு பதில் வந்திருக்காது. ஏசுதாஸ் வெகு நேரம் அவளையே பார்த்தார். பிறகு குனிந்தார்.

புருவ நடுவில் சின்ன விரல் ஒன்று அழுந்தியது.

மண்வெட்டி மெல்ல இறங்கியது. அவர் சுற்றிலும் பார்த்தார். திரும்பி வந்ததும் அவர் கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

"நான் யாரயாச்சும் அட்ச்சிட்டனா, பாப்பா?"

"இல்ல மாமா. குங்குமந்தான் கேட்டீங்க."

பெண்கள் சிரித்த சிரிப்பில் தட்டுகள் ஆடி இரண்டு விளக்கு அணைந்தது. ஜெயம்மாள் புருஷனின் நெற்றியைத் துடைக்க முந்தானையை எடுத்தாள். என்ன நினைத்தாளோ, தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

நாயக்கர் மட்டும் சிரிக்கவில்லை. யாரையாவது அடித்துவிட்டேனா என்று ஏசுதாஸ் கேட்பதை அவர் இன்றைக்குத்தான் கேட்கிறார். போன வருஷம் அதற்குள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரிப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

மத்தியானம் ஊரே கூழ் ஊற்றுகிற இடத்தில் கூடியிருந்தது. நாயக்கர் ஒரு செம்புத் தண்ணீரோடு தனியாகக் கோயிலுக்குப் பின்புறம் போனார். சாயங்காலத்துக்காக வெடிமருந்து கெட்டித்து வைத்திருந்த வேட்டுக் குழாய்கள் அங்கே வரிசையாக நின்றன. முதல் குழாயில் கொஞ்சம் ஊற்றினார். அடுத்ததில் கொஞ்சம்.

யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் அவர் மகனைத்தான் முதலில் கேட்டார்கள். நாயக்கர் மகனை உள்ளே போகச் சொன்னார். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த ஏசுதாஸைக் கைகாட்டி, "அவன் நல்ல உடம்பு" என்றார். தூசிக்கு முகத்தைத் திருப்பியிருந்த ஏசுதாஸுக்கு அது தெரியாது.

கடைசிக் குழாய்க்குத் தண்ணீர் போதவில்லை.

நாயக்கர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் கிணற்றுக்கு நடந்தார்.