கூப்பிட்டால் வரும் குழாய்

வயிற்றோரம் ஒரு ரத்தக்குழாய் இருந்தது. யார் கூப்பிட்டாலும் கிளை நீட்டிக்கொண்டு போய்விடும், எதற்கென்று கேட்காது.

ஒருநாள் கடுகளவு புற்றுக்கட்டி ஒன்று, "அண்ணே, மூச்சு முட்டுது, கொஞ்சம் ரத்தம் அனுப்புங்க" என்றது.

"இதோ வந்துட்டேன் தம்பி" என்று குழாய் கிளை நீட்டியது. கட்டி எலுமிச்சை அளவானது, கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

பிறகு ஊசி வழியாக ஒரு மருந்து வந்தது. அது கட்டியைத் தொடவில்லை. கூப்பிடும் குரலை மட்டும் வழியிலேயே பிடித்து வைத்துக்கொண்டது. கட்டி பட்டினியில் சுருங்கியது.

பக்கத்துத் தோலில் ஒரு வெட்டுக்காயம். அதுவும் ஆறுவதற்கு ரத்தம் கேட்டு, "அண்ணே, அண்ணே" என்று நாலு நாளாகக் கூப்பிட்டது. மருந்து அந்தக் குரலையும் விடவில்லை.

குழாய் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. ஒரு சத்தமும் இல்லை.

"பரவாயில்லை, எல்லாரும் சௌக்கியமா இருக்காங்க" என்று கிளைகளை மடக்கிக்கொண்டது.