பல்லில் ஒட்டாத சிமெண்ட்

"குழந்தை முழுங்கியிருந்தா என்ன ஆறது டாக்டர்?"

வைத்தி போட்ட சத்தத்தில், வெளியே பெஞ்சில் பல்வலியோடு காத்திருந்த சர்தார்ஜி கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டார்.

பதினோரு வயது பூர்ணா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். ஊஞ்சலிலிருந்து விழுந்து உடைந்த முன்பல்லுக்கு, போன வாரம்தான் இந்த மோதி பாக் கிளினிக்கில் உறை மாதிரி ஒரு கேப் போட்டிருந்தார்கள். இன்று காலை பராத்தாவோடு கழன்று வந்துவிட்டது.

சுவரோரமாக நின்ற மனைவி அனந்தலக்ஷ்மி பக்கம் திரும்பினான் வைத்தி.

"அன்னிக்கு இவதான் அழைச்சுண்டு வந்தா. பக்கத்துல நின்னு பாத்துக்கக்கூடத் துப்பில்லை. பெரிய கான்வென்ட் படிப்பு! யார் தப்புன்னு இப்பத் தெரியட்டும். உன் தப்பா இருந்ததோ, ஆத்துக்கு வா, பேசிக்கறேன்."

டாக்டர் பாலசுப்ரமணியம் கேப்பை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

"சிமெண்ட் பூரா கேப்புக்குள்ளயே இருக்கு சார். பல்லுல ஒரு பொட்டுகூட ஒட்டலை. எவ்வளவு நல்ல பல்லானாலும் மேல மெல்லிசா ஒரு படிவு இருக்கும். பவுடர் போட்டு பிரஷ்ஷால எடுத்து, காய வெச்சாத்தான் சிமெண்ட் பிடிக்கும். இதுல தேய்க்கவே இல்லை."

கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்த உதவிப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"இந்திராணி, நான் வர்றதுக்குள்ள தேய்ச்சு வைன்னு சொல்லியிருந்தேனே. தேய்ச்சியா, இல்லையா?"

"அன்னிக்கு அம்மாதான்..." என்று பூர்ணா ஆரம்பித்தாள்.

"பேசாதே. வாயை நன்னாத் திற," என்றாள் அனந்தலக்ஷ்மி.

இந்திராணி வைத்தியைப் பார்த்தாள். அப்புறம் சுவரோரம் பார்த்தாள்.

"மறந்துட்டேன் சார்."

"மறந்துட்டாளாம்! இவளை எல்லாம் எதுக்கு வெச்சுண்டிருக்கேள்? அனுப்புங்கோ முதல்ல!" என்று கத்தினான் வைத்தி.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நீ வரவே வேண்டாம்," என்றார் டாக்டர் அவளிடம்.

இந்திராணி தலையாட்டினாள். அனந்தலக்ஷ்மி தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பல்லைத் தேய்த்து, காய வைத்து, கேப்பை ஒட்டி முடிக்க அரை மணியாயிற்று. டாக்டர் கை கழுவ உள்ளே போனார். "ஜல்தி வா," என்று சொல்லிவிட்டு, பூர்ணாவோடு ஸ்கூட்டரை எடுக்கப் போனான் வைத்தி.

அனந்தலக்ஷ்மி மெதுவாக இந்திராணியிடம் வந்தாள். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"நீ அன்னிக்கு பிரஷ்ஷோடதானே வந்தே? 'எங்காத்துக் குழந்தை ரெண்டு வேளையும் பல் தேய்க்கறா, அழுக்குப் பல்லுன்னு நெனச்சியா'ன்னு கத்தி, உன் கையைத் தட்டிவிட்டது நான். டாக்டர்கிட்ட தேய்ச்சாச்சுன்னு சொன்னதும் நான். அதைச் சொல்லியிருக்கலாமே நீ. வேலை போயிருந்தா?"

இந்திராணி பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"டாக்டர் திட்டு இந்த ரூமோட போயிடும்க்கா. நீங்க அவர்கூட வீட்டுக்குப் போவணுமே."