ரன் என்றால்

கண்டாவளைக் கூட்டுறவுச் சங்கத்தின் நெல் ஆலைக்கு முகாமையாளர் தேர்வு. கொழும்பிலிருந்து வந்த அதிகாரி, “கேன் யூ ரன் திஸ் மில்?” என்று கேட்டார்.

“நோ,” என்றாள் தேர்வுக்கு வந்திருந்த சுதாஜினி.

சுற்றியிருந்த சங்க உறுப்பினர்கள் சிரித்தார்கள். செயலாளர் ஜெயந்தன் இரக்கத்தோடு குனிந்தார். “தங்கச்சி, ரன் எண்டால் ஓடுறது மட்டுமில்லை. நடத்துறதும் ரன்தான்.”

“தெரியும் அண்ணை. மெசின் ஓடுறதும் ரன், எலெக்சனிலை நிக்கிறதும் ரன்.”

“பிறகேன் நோ எண்டு சொன்னனீர்?”

“ஐயா என்ரை பொய்க்காலைப் பாத்துக்கொண்டெல்லோ கேட்டவர். அந்தக் கேள்விக்கு அதுதான் பதில். முகத்தைப் பாத்துக் கேக்கச் சொல்லுங்கோ.”

அதிகாரிக்குத் தமிழ் விளங்கியது. விண்ணப்பக் கோப்பை மூடிவிட்டு, இம்முறை அவள் கண்களைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்.

“ஆலையை நடத்துவீங்களோ?”

“ஓம், நடத்துவன்.”