முதல் பாடத்து முயல்

டாக்டரம்மா பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

ஆஸ்பத்திரி மேஜைமேல் காப்பகத்தின் சேர்க்கைப் படிவம் இருந்தது. பக்கத்தில் தம்பியின் லேப்டாப். அது உயிர்பெற்று எழுவதற்குள் அவன் பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவை இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டான்.

டாக்டரம்மா கல்நெஞ்சக்காரி அல்ல. போன தடவையே எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்துவிட்டார். அக்கா மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்டு நான்கு மாதம் ஆகிறது. நேற்றுப் படித்தது இன்று அவள் நினைவில் நிற்கிறது என்றால் பகலில் வீட்டில் தனியாக இருக்கலாம். நிற்கவில்லை என்றால் காப்பகம்தான். இதுவரை ஒரு கண் வைத்துப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரம்மாவும் இந்த வாரம் வீடு மாறுகிறார். அடுப்பை ஏற்றிவிட்டு மறந்துபோகிறவளை நம்பி யார் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போவது?

தம்பி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அக்காவை விட்டால் அவனுக்கு வேறு நாதியில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பயிற்சிகள் பளிச் பளிச்சென்று மின்னி அக்காவுக்கு மண்டையிடியைக் கிளப்பின. அதனால் பரணைக் குடைந்து, சின்ன வயதில் அவள் விளையாடிய கணக்குப் பாட சி.டி.யைத் தேடி எடுத்தான். இந்தக் காலத்து லேப்டாப் அதைச் சீந்தவே இல்லை. கடைசியில் நண்பன் ஒருவன் வந்து, லேப்டாப்புக்குள்ளேயே பொய்யாக ஒரு பழைய கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதற்குள் முயலை ஓடவைத்தான். முயல்தான் வாத்தியார். தத்தித் தத்தி வந்து, பலகையைத் தூக்கிக் காட்டிக் கணக்குக் கேட்கும். ஒன்றை முடித்தால்தான் அடுத்த பாடம்; அக்கா எதுவரை வந்திருக்கிறாள் என்று கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா.

போகும்போது நண்பன் ஒன்று சொன்னான். பழைய சரக்கு, அடிக்கடி மக்கர் பண்ணும். சாயங்காலம் மூடும்போது ‘பழைய நிலைக்குத் திருப்பு’ என்று ஒரு கட்டம் வரும், அதில் டிக் போட்டுவிட்டு மூடு.

தம்பி சொன்ன சொல் தட்டாதவன். காலையில் முயலைத் திறந்து அக்கா முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போவான். சாயங்காலம் வந்து, டிக் போட்டு மூடுவான். மறுநாள் திறந்தால் முயல் சொல்லும்: புது மாணவரே, வருக. முதல் பாடம்.

நாற்பது நாளாக முதல் பாடம்.

ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறோமோ என்று ஒருநாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதான். அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. விழுந்ததிலிருந்து அவள் பேச்சு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் போவதில்லை. அதையும் இப்படி ஒரு கேள்விக்குச் செலவழிக்கவைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

இதோ, திரை வெளுத்தது. புது மாணவரே, வருக. முதல் பாடம்.

டாக்டரம்மா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். கையெழுத்துக்குக் குனிந்தவர், திரையின் மூலையைப் பார்த்து நிமிர்ந்தார்.

“ஏங்க, இதுல ஏன் இன்னும் போன மாசத் தேதி காட்டுது?”

தம்பியும் பார்த்தான். தினமும் பார்க்கிற தேதிதான். பழைய பெட்டி, கடிகாரம் ஓடாது என்று விட்டுவிட்டான். இப்போதுதான் உறைத்தது. அது நண்பன் வந்துபோன நாள்.

பழைய நிலை என்றால் அந்த நாள். அன்றன்றைக்கு அக்கா படித்து முடித்ததை எல்லாம் சாயங்காலமானால் இவன் கையே அழித்திருக்கிறது. வேறு யார் செய்திருந்தாலும் சட்டையைப் பிடித்திருப்பான்.

குழறிக் குழறிச் சொல்லி முடித்தான். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். அப்படியும் இருக்கலாம், ஆனால் அவள் படித்தாள் என்பதற்கும் இப்போது ஆதாரம் இல்லையே என்றார். இன்று கையெழுத்தாகாவிட்டால் காப்பகத்தில் அந்தக் கட்டில் வேறொருவருக்குப் போய்விடும், அப்புறம் பகலில் இவளை யார் பார்ப்பது என்றும் கேட்டார்.

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் தம்பிக்கு ஆத்திரமாக இருந்தது.

பேனா முனை காகிதத்தைத் தொட்டது.

“பதினேழு,” என்றாள் அக்கா.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். திரையில் முயல் இன்னும் பாதி வழிகூட வரவில்லை.

தத்தித் தத்தி வந்து சேர்ந்தது. பலகையைத் தூக்கியது. ஒன்பதும் எட்டும் எத்தனை?

தம்பி பதினேழைத் தட்டினான். முயல் கைதட்டிவிட்டு ஓடியது.

“ஆறு.”

முயல் திரும்பி வந்தது. பதினான்கில் எட்டு போனால் மீதி எத்தனை?

“இருபத்தொண்ணு.”

மூவேழு எத்தனை?

டாக்டரம்மாவின் பேனா நின்ற இடத்தில் மை ஊறிப் பொட்டாகியிருந்தது. பழைய நிலைக்குத் திரும்பிய முயல், தினமும் அதே கணக்குகளை அதே வரிசையில்தான் கேட்டிருக்கிறது.

அக்கா ஜன்னலை விட்டுத் திரும்பினாள்.

“இன்னியோட நாப்பத்தோரு நாளா இதே கணக்குடா. டாக்டர் சொல்லித்தான் நீ வச்சிருக்கேன்னு நெனச்சேன்.”

டாக்டரம்மா எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் புரட்டினார். திரையில் நின்றுபோயிருந்த தேதியிலிருந்து இன்றுவரை விரல் வைத்து எண்ணினார். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார். நாற்பத்தொன்றேதான்.

நாற்பது என்று தம்பிதான் ஒரு நாளைக் கோட்டைவிட்டிருந்தான்.

டாக்டரம்மா வந்து பேனாவை மூடினார்.