பக்கத்துக் கட்டில்காரி

"கொஞ்சம் வாயை மூடறியா? ஊரே வாசலுக்கு வந்துடும் போல."

திரையை விலக்கித் திட்டினாள் மருத்துவச்சி வஃபா. கட்டிலில் கிடந்த மஹ்ஜூபா, "ஐயோ, செத்தேன்" என்று இன்னும் ஒரு பங்கு கூட்டித்தான் கத்தினாள்.

"இது உனக்கு அஞ்சாவது. என்னமோ தலைப்பிரசவம் மாதிரி ஆர்ப்பாட்டம் பண்றே."

"வலிச்சா கத்த மாட்டாங்களா நர்ஸம்மா?"

"உனக்கு இன்னும் சரியா வலியே எடுக்கல. சாயங்காலம் ஆகும். சும்மா கிட."

வந்து படுத்து ஒரு மணி நேரம் கல்லு மாதிரி கிடந்தவள்தான். திடீரென்று என்ன வந்ததோ, பிடித்துக்கொண்டாள்.

மிதெல்த் என்ற மலையூரின் பிரசவ விடுதியில் அறைக்கு இரண்டு கட்டில், நடுவே ஒரு துணித் திரை. திரைக்கு இந்தப் பக்கம் இத்தோ. பத்தொன்பது வயது, அவளுக்குத்தான் தலைப்பிரசவம். அவள் வாயிலிருந்து காலையிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. முக்காட்டு நுனியைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே பெஞ்சில், ஹஜ் போய்வந்த மாமியார் ஹாஜ்ஜா ரக்கியா இருந்தாள். கூடவே மாமனாரும் கொழுந்தன்மார் இருவரும். பிரசவத்தில் போடும் சத்தம் ஆம்பிளைகள் காதில் விழுந்தால், ஹாஜ்ஜாவின் வீட்டில் அது வருஷக்கணக்கில் பேச்சாகும்.

வஃபா இத்தோவின் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டாள். முகம் மாறியது. குழந்தையின் துடிப்பு மறுபடி குறைந்திருந்தது.

"ஒரு மணி நேரமா சொல்றேன், மூச்சை அடக்காதே கண்ணு. நீ அடக்கினா உள்ள இருக்கறதுக்கு மூச்சு போகாது. வலி வரும்போது வாயைத் திறந்து கத்திடு."

இத்தோ தலையை மட்டும் ஆட்டினாள். முடியாதாம். கண் கதவுப் பக்கம் போனது.

வஃபா வெளியே வந்தாள்.

"ஹாஜ்ஜா, எல்லாரும் கொஞ்சம் வாசல் மரத்தடியில போய் உக்காருங்களேன். பொண்ணு பயப்படறா."

"எதுக்குப் பயம்? நான் ஆறு பெத்தேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்த என் மாமனாருக்குக் குழந்தை அழுதப்பதான் விஷயமே தெரியும். என் மருமகளும் அப்படித்தான். உள்ள ஒருத்தி கத்தறாளே, முதல்ல அவளை அடக்குங்க. வெக்கம் கெட்டவ."

இனி பத்து நிமிஷம் பார்க்கலாம். துடிப்பு ஏறாவிட்டால் ஆம்புலன்ஸில் போட்டு மலை தாண்டி எர்ராஷிதியா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இரண்டு மணி நேரப் பாதை. குழந்தை அதுவரை தாங்குமா என்று யோசிக்கவே வஃபாவுக்குப் பயமாக இருந்தது.

அவள் உள்ளே போனபோது மஹ்ஜூபாவின் குரல் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. காலைக் கட்டிலில் உதைத்தாள். பெற்றவளைக் கூப்பிட்டாள். புருஷனைத் திட்டினாள்.

அந்த இரைச்சலில் இத்தோ எப்போது துணியைத் துப்பினாள், எப்போது அவளும் கத்த ஆரம்பித்தாள் என்று வஃபா கவனிக்கவில்லை. குழாயில் துடிப்பு ஏறியது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

"அப்படித்தான் கண்ணு. விடாதே. இன்னும் ஒண்ணு."

ஆண் குழந்தை. வீலென்று அழுதது.

ஹாஜ்ஜா உள்ளே வந்து பேரனைப் பார்த்ததும் குலவையிட்டாள். அது தெருவரைக்கும் கேட்டிருக்கும். பிறகு மருமகளின் நெற்றியில் முத்தமிட்டாள்.

"என் தங்கம், வாயே திறக்கலையே நீ." திரைப் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, இப்படியா மானத்தை வாங்குவே? இந்தச் சின்னப் பொண்ணைப் பாத்துக் கத்துக்கோ."

இத்தோ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மஹ்ஜூபா முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்க ஹாஜ்ஜா. உங்க மருமகளோட பொறுமை எனக்கு வராது."

இத்தோவையும் குழந்தையையும் அடுத்த அறைக்கு மாற்றினார்கள். சொன்னபடியே சாயங்காலம் மஹ்ஜூபாவுக்கு வலி கண்டது. அடுத்த கூத்துக்குத் தயாராகத்தான் வஃபா வந்து நின்றாள்.

சத்தமே இல்லை.

மஹ்ஜூபாவின் கழுத்து நரம்பு புடைத்தது. இரும்புக் கட்டில் நடுங்கியது. கண்ணோரம் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. அவள் மூச்சை நீளமாக விட்டு விட்டு வாங்கினாள், அவ்வளவுதான். பதினெட்டு வருஷமாகப் பிரசவம் பார்க்கிறாள் வஃபா. ஒரு பெண்ணின் உடம்பு இவ்வளவு பலத்தை எங்கே வைத்திருக்கிறது என்று அவளுக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

பெண் குழந்தை. துடைத்து, தாயின் மார்பில் போட்டாள்.

"ஏய், வலி எடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் கத்து கத்தினே. இப்ப உயிர் போற வலியில ஒரு சத்தத்தைக் காணோம்?"

"எனக்குப் பிரசவத்துல சத்தம் வராது நர்ஸம்மா. நாலையும் இப்படித்தான் பெத்தேன்."

"அப்ப அது என்ன?"

மஹ்ஜூபா மகளின் ஈரத் தலையை வருடினாள். பக்கத்தில் காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"கத்துடி கத்துடின்னு நீங்க அந்தப் பொண்ணுகிட்டக் கெஞ்சினது எனக்கும் கேட்டுச்சு. தனியாக் கத்தினா வெளியில அது அவ குரல்னு தெரிஞ்சுடும். அதான், அவளைவிடப் பெரிசா நான் கத்தினேன்."