கரகத்துக்கு முன் தீர வேண்டிய கடன்

"பதினெட்டாயிரத்து அறுநூத்தி நாப்பது ரூவா, கண்ணு. ஒத்தை ரூவா குறையக் கூடாது. இந்தக் கார்டுல எடுத்தா எவ்வளவு தண்டம் ஆகும்?"

ஆயம்மாள் கிரெடிட் கார்டை மேஜைமேல் வைத்தாள். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஏ.டி.எம்.முக்கு அடுத்த கடை ஃபெபியுடையது. ஜெராக்ஸ், கரண்ட் பில், ஆதார் திருத்தம் எல்லாம் அங்கே நடக்கும். தோட்டத்தில் ரிட்டயர் ஆன பணத்தை ஆயம்மாள் வங்கியில் டெபாசிட் போட்டபோது, அதன் பேரில் இந்தக் கார்டுக்கு எழுதிக் கொடுத்ததும் ஃபெபிதான். இதுவரை அது உறையை விட்டு வெளியே வந்ததில்லை.

"கார்டுல பணமாவா எடுக்கறீங்க? வேண்டாங்க்கா. கடைக்காரருக்குத் தரணும்னா அங்கயே தேச்சிருங்க. செலவே இல்லை."

"அந்த ஆளுகிட்டத் தேய்க்கற மெசின் இல்லை."

"டெபாசிட்டை எடுக்கலாமில்லீங்க?"

"ஞாயித்துக்கிழமை உன்ற மாமனா பாங்கைத் தொறந்து வெச்சிருக்கான்? பொழுது சாயறதுக்குள்ள நோட்டா வேணும். என்ற கடன் இல்ல கண்ணு. காளிமுத்து கடன்."

காளிமுத்துவை ஃபெபிக்குத் தெரியும். ஆயம்மாள் இருக்கும் தோட்டத்தில் செடிக்கு மருந்து அடிக்கிறவர். மகள் கீர்த்தனாவுக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்தபோது, பிழைத்தால் கரகம் எடுக்கிறேன் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். பெண் பிழைத்து, இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறாள். கரகம்தான் இன்னும் தலையில் ஏறவில்லை. கடன் உள்ளவன் கரகம் எடுக்கக் கூடாது என்பது அந்தக் கோவில் வழக்கம். ஆபரேஷனுக்கு வாங்கியதில் பாக்கி நின்றது. இரண்டு திருவிழா கைவிட்டுப் போயிற்று.

"இன்னிக்குத் திருவிழா. இந்த வருசமும் விட்டா வேண்டுதல் செல்லாதுன்னு பூசாரி சொல்லிட்டாரு. மனுசனுக்குச் சோறு எறங்கல. புள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலே வெளியில வந்து அழுவறான்."

"ஏனுங்க, கடன் குடுத்த புண்ணியவான் தள்ளுபடி பண்ணக் கூடாதா? புள்ளை உசுரு விசயம். கல்லு நெஞ்சா?"

ஆயம்மாள் சிரித்தாள். "சொல்லிப் பாத்தாச்சு. காளிமுத்து ஒத்துக்கல. தள்ளுன கடன் அம்மன்கிட்டச் செல்லாதாம். கோவில் படியில நோட்டை வெக்கணும். குடுத்தவங்க ஊர் முன்னால எடுக்கணும்."

"யாருங்க்கா அது?"

"நீ தண்டத்தைச் சொல்லு."

ஃபெபி கால்குலேட்டரை எடுத்தாள். "ஒரு தடவை எடுத்தா குறைஞ்சது ஐநூறு, அதுக்கு மேல வரி. ரெண்டு மூணு தடவையா எடுத்தா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாப் புடிப்பான். அதனால ஒரே தடவையா எடுங்க. வட்டி பணம் கைக்கு வந்த உடனே ஓட ஆரம்பிச்சுரும். பில் வரட்டும்னு இருந்தீங்கன்னா போச்சு. எப்பத் திருப்பிக் கட்டுவீங்க?"

"இன்னிக்கே."

"இன்னிக்கேவா?"

"சாயங்காலம் பணம் வந்துரும்."

"சீட்டு எடுத்திருக்கீங்களா?"

"அந்த மாதிரிதான்னு வெச்சுக்க."

ஃபெபிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சாயங்காலம் பணம் வருகிறவள் மத்தியானம் எதற்கு அறுநூறு ரூபாய் தண்டம் கட்ட வேண்டும்?

"அப்ப சாயங்காலம் டெபாசிட் மெசின்ல உங்க கணக்குல போட்டுருங்க. நான் போன்ல கார்டுக்கு மாத்திவிடறேன். ஒரு நாள் வட்டியோட தப்பிச்சுக்கலாம்."

பக்கத்து ஏ.டி.எம். பதினெட்டாயிரத்து அறுநூறைத் தள்ளியது. மீதி நாற்பதுக்கு ஆயம்மாள் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, மஞ்சள் கறை படிந்த இரண்டு இருபது ரூபாய் நோட்டுகளை எடுத்து மேலே வைத்தாள்.

"கண்ணு, என்கூட வந்து இதைக் காளிமுத்து பொண்டாட்டி தேவி கையில குடுத்துரு. ஏற்கெனவே பேசி வெச்சிருக்கு. இலை பறிச்ச காசுல மிச்சம் புடிச்சதுன்னு அவ சொல்லிக்குவா. என்ற பேரு மட்டும் வரக் கூடாது."

"சாமிகிட்டப் பொய்யாங்க்கா?"

"சாமிக்குத் தெரியும். காளிமுத்துக்குத் தெரிய வேண்டாம்."

அந்தக் கல்நெஞ்சுக்காரரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஃபெபிக்கு அரித்தது. கடையைச் சாத்திவிட்டு, தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் ஆயம்மாளோடு ஏறினாள்.

மாலையில் கோவில் முன்னால் பறை அதிர்ந்தது. பனி தேயிலைச் சரிவிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. காளிமுத்து ஈர வேட்டியோடு நின்றார். பக்கத்தில் கீர்த்தனா அவர் விரலைப் பிடித்திருந்தாள்.

பறை நின்றது. "இவன் கடன் தீர்ந்ததா?" என்று கேட்டார் பூசாரி.

காளிமுத்து படியில் நோட்டுகளை வைத்தார். மஞ்சள் கறை படிந்த இரண்டு இருபதுகள் மேலே இருந்தன.

"குடுத்தவங்க வந்து எடுத்துக்கங்க!"

ஃபெபி எக்கிப் பார்த்தாள். எந்த மைனர் செயின்காரன் வரப்போகிறான்?

கூட்டம் விலகியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறியவள் ஆயம்மாள். எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக எண்ணினாள். மேலிருந்த இருபதுகளைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"சரியா இருக்குதுங்க. இனி எனக்கும் காளிமுத்துக்கும் ஒரு பாக்கியும் இல்லை" என்று ஊர் கேட்கச் சொன்னாள்.

கரகம் தலையில் ஏறியது. பறை மறுபடி அதிர, காளிமுத்து அழுதுகொண்டே ஆடினார்.

கூட்டத்தில் நின்ற ஃபெபியின் காதருகே வந்து ஆயம்மாள் கேட்டாள்: "அந்த மெசின் எத்தனை மணி வரைக்கும் பணம் வாங்கும், கண்ணு?"